நிறம் தெரியாத டீ மேக்கர்

அம்மிணி,

நீ நலமா என்று கேட்டுக் கடிதத்தைத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். போன மாதம் போனில் நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்கள்தான் அதற்குக் காரணம். இதையும் போனிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று உனக்குத் தோன்றும். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் நீ, "சாப்பிட்டீங்களாப்பா, மருந்து போட்டீங்களாப்பா" என்று ஆரம்பித்தாய். நானும் குன்னூர் மழையைப் பற்றியும் என் முட்டி வலியைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். பேசினால் நழுவிவிடுகிற ஆள் நான். அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. உன் மகன் கவின் ரயில் ஓட்டும் வேலைக்காக இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்துப் படித்தான். எழுத்துத் தேர்வில் தேறினான். கூடலூரில் உங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்தீர்கள், எனக்கும் ஒரு டப்பா வந்து சேர்ந்தது. பிறகு மருத்துவப் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக இருக்கும் படங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்கள். அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டினீர்கள். பிறவியிலேயே இருப்பது, மருந்து கிடையாது, தாய் வழியாக வருவது என்று அவர் சொன்னார். அந்தத் 'தாய் வழியாக' என்பதை மட்டும் உன் மாமியார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நீ கவினைச் சுமந்தபோது ஐந்தாம் மாதத்தில் காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரையை இருபது வருஷம் கழித்துத் தோண்டி எடுத்தார்.

அன்று சாயங்காலம்தான் நீ எனக்குப் போன் செய்தாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், பக்கத்தில் மாப்பிள்ளை தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்டது. "அப்பா, நம்ம ஊட்டுல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சாங்கப்பா?" என்று கேட்டாய். "நம்ம பக்கம் யாருக்கும் இல்ல அம்மிணி" என்றேன். அப்புறம், "அப்ப அந்த மாத்திரைதானுங்களாப்பா?" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். "இருந்தாலும் இருக்கும், யாரு கண்டா" என்றேன். முதல் கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டாவது கேள்விக்கு வேலையே இருந்திருக்காது. பெற்ற மகளை அந்த மாத்திரைப் பழிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, நான் போய் இட்லி சாப்பிட்டேன்.

கவினுக்கு இருக்கும் கண் என்னுடையது. எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. தெரியாமலே முப்பத்தோரு வருஷம் டீ பாக்டரியில், நிறத்தைப் பார்த்துப் பிழைக்க வேண்டிய வேலையில், தெரிகிற மாதிரி நடித்தேன்.

உனக்கு அந்த வேலை தெரியும். ஆனால் இதைக் கேட்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாட்டிய இலையை மெஷினில் வெட்டியதும் அது பச்சையாகத்தான் வரும். அதைப் பரப்பிப் போட்டால் காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு நிறத்துக்கு மாறும். சரியான செம்பு வந்த நிமிஷத்தில் அள்ளி டிரையரில் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் டீயில் பச்சை வாடை அடிக்கும். தாமதித்தால் சப்பென்று ஆகிவிடும். அந்த நிமிஷத்தைச் சொல்கிறவன்தான் டீ மேக்கர். நான் எடுபிடியாகச் சேர்ந்தேன். வேலைக்கு எடுத்தபோது எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்களே தவிர நிறத்தைக் காட்டி யாரும் கேட்கவில்லை. மேலே வந்த பிறகு மூக்கை வைத்துச் சமாளித்தேன். பச்சை இலை வாடை போய் ஒரு பழ வாசனை எழும்பும், அதுதான் எனக்குக் கணக்கு. "நம்ம டீ மேக்கர் கண்ணால பாக்க மாட்டார், மூக்காலயே சொல்லிருவார்" என்று தொழிலாளர்கள் பெருமையாகப் பேசினார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஆனி ஆடி மழையில் சளி பிடித்துவிட்டால் மூக்கு போய்விடும். அந்த நாட்களில் எனக்குக் கண்ணாக இருந்தவள் நீ.

உனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸிலிருந்து வருவாய். நான் உன்னை, இலை பரப்பியிருக்கும் பெர்மென்டிங் அறைக்குள் கூட்டிப் போய், "எந்த வரிசை நம்ம செம்புக் குடம் மாதிரி இருக்குது, சொல்லு பாக்கலாம்" என்பேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மூணாவதுப்பா. நாலாவது இன்னும் பச்சை" என்பாய். உனக்கு ஒரு மிட்டாய் கொடுப்பேன். அதை விளையாட்டு என்று நினைத்தாய். கல்யாணத்துக்கு முன் தோழிகளிடம்கூட, "எங்கப்பா எனக்கு டீ மேக்கர் வேலை சொல்லிக் குடுத்தார்" என்று பெருமையாகச் சொன்னாய். நான் உனக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை அம்மிணி. உன் கண்ணைத் திருடி வேலை பார்த்தேன்.

ஆறாம் வகுப்புக்கு உன்னைக் கோயமுத்தூர் ஹாஸ்டலில் சேர்த்தோம். அடுத்து வந்த மழையிலேயே நான் மாட்டினேன். மூக்கு அடைத்திருந்தது. பாக்டரி முழுக்க மூடுபனி, நல்ல வெளிச்சத்தில் கருமை கூடுவதை வைத்துக் கொஞ்சம் ஊகிப்பேன், அன்று அதுவும் இல்லை. கடிகாரத்தை நம்பி அள்ளச் சொன்னேன். குளிரில் இலை மாறியே இருக்கவில்லை. ஒரு நாள் டீ முழுக்கப் பச்சை வாடை என்று திரும்பி வந்தது. மேனேஜரைத் துரை என்றுதான் சொல்வோம், அவர் கூப்பிட்டுக் கேட்டார். இலை வாட்டும் தளத்தில் மாரியப்பன் என்று ஒருத்தர் இருந்தார், என்னைவிட மூத்தவர், வாயில்லாப் பூச்சி. "மாரியப்பன் ஈரத்தோட இலையை இறக்கிட்டாருங்க" என்றேன். அவரைக் கூப்பிட்டார்கள். அவர் என்மேல் சீறுவார், உண்மை வெளியே வரும் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தொரை, தப்பு என்ரதாத்தான் இருக்குமுங்க. மழையில அவசரமா அள்ளிப் போட்டனோ என்னமோ" என்றார். அவரை விறகு இறக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் குடும்பத்தோடு கீழே இறங்கிப் போய்விட்டார். எந்த ஊர் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. செய்யாத தப்பைத் தன்னுடையதாக இருக்கும் என்று அவர் நம்பினார், நம்ப வைத்தவன் நான். போனில் நீ "அந்த மாத்திரைதானுங்களாப்பா" என்றபோது அதே குரலைத்தான் கேட்டேன். அப்படியும் வாயைத் திறக்கவில்லை.

உன் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்பாய். நானாகச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் பச்சைப் புடவை வாங்கி வந்திருக்கிறேன் என்று நீட்டினேன். "ஏனுங்க, இது காவியுங்க" என்றாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று குதித்துக்கொண்டு மறுபடியும் மேல் பஜாருக்குப் போய், அந்த அப்பாவி மனுஷனிடம் சண்டை பிடித்து மாற்றி வந்தேன். மாற்றி வந்ததும் பச்சை இல்லை என்பது பிறகு பக்கத்து வீட்டார் பேச்சில்தான் எனக்குத் தெரிந்தது. உன் அம்மா அதை வாங்கி மடித்து வைத்தாள். அன்றிலிருந்து என் சட்டை, மப்ளர், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் அவளே எடுத்து வைத்தாள். சாகும் வரை அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அலமாரியைத் திறந்து எதைப் போடுவது என்று தெரியாமல் நிற்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. கவினுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், உங்கள் தோட்டத்தில் மிளகுப் பறிப்புக்கு நான் வந்திருந்தேன். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்த பிறகுதான் பறிக்க வேண்டும். அவன் ஏணியில் நின்றுகொண்டு சிவக்காததையும் சேர்த்து உருவிப் போட்டான். மாப்பிள்ளை வேலையாட்கள் முன்னால் அவன் முதுகில் ஒன்று வைத்தார். "எல்லாம் ஒரே மாதிரிதானேப்பா இருக்குது" என்று அவன் அழுதான். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பையனுக்குக் கவனம் பத்தாது மாப்பிளே" என்றேன். அன்று சொல்லியிருந்தால் அவன் அடி வாங்கியிருக்க மாட்டான். ரயில் வேலைக்கு சிக்னல் பார்க்கும் கண் வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? அவன் படிக்க உட்கார்ந்தபோதாவது சொல்லியிருக்கலாம். நான் தப்பித்த மாதிரி அவனும் தப்பித்துவிடுவான் என்று இருந்துவிட்டேன். அவனுடைய இரண்டு வருஷத்தை வீணாக்கியது ரயில்வே இல்லை, நான்.

உன்னிடம் சொன்ன பொய் என்னை விடவில்லை. இங்கே பஜாரில் புதிதாக ஒரு கண் டாக்டரம்மா வந்திருக்கிறாள், உன்னைவிடச் சின்னவள். அவளிடம் போய், "என் சிநேகிதர் ஒருத்தருக்குச் சந்தேகமுங்க" என்று ஆரம்பித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் அந்தப் புள்ளிப் புத்தகத்தை என் முன்னால் திறந்து வைத்தாள். "இதுல என்ன நம்பருங்க ஐயா?" என்றாள். குருட்டாம்போக்கில் முப்பத்து நாலு என்றேன். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "உங்க சிநேகிதருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள். ஒரு பையன், ஒரு பெண் என்றேன். "பையனைப் பத்திக் கவலையே வேண்டாமுங்க. பொண்ணுகிட்டதான் போயிருக்கும். போயிருக்கலாம்னு சொல்லலீங்க. போயிருக்கும்" என்றாள்.

ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினாள். நான் பத்தாவதோடு நின்றவன், எனக்கே புரிந்தது என்றால் உன் மாமியாருக்கும் புரியும். பெற்றோரிடமிருந்து வருவதெல்லாம் குரோமோசோம் என்கிற இழைகளில்தான் எழுதியிருக்கிறதாம். அவை ஜோடி ஜோடியாக இருக்கும், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஒரு ஜோடி மட்டும் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும். பெண்ணுக்கு அதில் இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். சிவப்பு பச்சை பார்க்கிற விஷயம் எக்ஸில்தான் இருக்கிறது, ஒய்யில் கிடையாது. எனக்கு இருக்கும் ஒரே எக்ஸில் அது பழுது. மகனுக்கு நான் கொடுத்தது ஒய், அதனால் உன் அண்ணனுக்கு என் பழுது போக வழியே இல்லை, அவன் பிள்ளைகளுக்கும் இல்லை. மகளுக்கு நான் கொடுக்க முடிவது அந்த எக்ஸ் ஒன்றுதான். வேறு என்னிடம் இல்லை. நீ என் மகளாகப் பிறந்ததால் அது உனக்கு வந்தே தீர வேண்டும். உன் அம்மா கொடுத்த நல்ல எக்ஸும் உன்னிடம் இருப்பதால், என்னுடையது அதற்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. அதனால்தான் ஒன்பது வயதிலேயே மூன்றாவது வரிசை எது, நாலாவது வரிசை எது என்று உன்னால் சொல்ல முடிந்தது.

உனக்குப் பிறக்கும் பிள்ளைக்கு நீ இரண்டில் ஒன்றைக் கொடுக்கிறாய். எதைக் கொடுப்பது என்பது உன் கையில் இல்லை, பூவா தலையா மாதிரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சுண்டிப் போட வேண்டும், முதல் பிள்ளைக்கு வந்தால் அடுத்ததற்கு வராது என்றெல்லாம் கணக்கு இல்லை. கவினுக்கு என்னுடையது விழுந்தது. மாப்பிள்ளை அவனுக்குக் கொடுத்தது ஒய், அதனால் மறைக்க இன்னொரு எக்ஸ் அவனிடம் இல்லை. அவன் தங்கைக்கு மாப்பிள்ளையின் நல்ல எக்ஸ் இருக்கிறது, அவளுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனால் உன்னைப்போல அவளும் என்னுடையதைச் சுமந்துகொண்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவளிடம் இப்போதே சொல்லிவிடு. நாளைக்கு அவளுக்கு ஒரு மகன் பிறந்து, இலையைப் பழுப்பு நிறத்தில் வரைந்தான் என்றால் அவனை யாரும் அடிக்கக் கூடாது.

நம் வீட்டில் பேசுவதை நினைத்தால் எனக்கு இப்போது சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வருகிறது. உன் அண்ணனைப் பார்த்து, "அப்பனை உரிச்சு வெச்ச மாதிரி" என்பார்கள். மூக்கு, நடை, முன்கோபம் எல்லாம் என்னுடையது, அதில் எனக்கு ஒரு கர்வம். உன்னை, "இவ அம்மா ஜாடை" என்று ஒதுக்கிவிடுவார்கள். நர்சரியில் ஒரே செடியிலிருந்து வெட்டி நட்ட தேயிலை நாற்றுகள் எல்லாம் ஒன்றுபோல வரும். விதை போட்டு வந்த செடிகள் அப்படி இல்லை, எது எதைக் கொண்டுவந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இது தெரிந்தவன்தான் நான், என் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் மறந்துவிட்டேன். மூக்குக்கும் நடைக்கும் காரணம் ஒன்றா இரண்டா, பலது சேர்ந்து செய்வதாம், அதை வைத்து யாரும் எதையும் அறுதியிட முடியாதாம். என்னைப்போலவே இருப்பவனுக்கு என் பழுது போகவில்லை. என் சாயலே இல்லாத நீ அதைச் சுமந்தாய்.

எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று டாக்டரம்மா கேட்டாள். என் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அம்மாவின் தம்பி ஒருத்தர், என் மாமன், தோட்டத்தில் எந்தப் பழத்தையும் அமுக்கிப் பார்க்காமல் பறிக்க மாட்டார். அவரை அமுக்குக் கையன் என்று எல்லோரும் கேலி செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். என் அம்மா எனக்கு இதைக் கொடுத்தாள் என்பதற்காக அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வருமா? அவள் என்ன செய்வாள் பாவம், கையில் இருந்ததைக் கொடுத்தாள். அவளுக்குக் கொடுத்த அந்த நியாயத்தை உனக்குக் கொடுக்கவில்லையே நான்.

கடைசியாக, பொறுக்க மாட்டாமல், "கர்ப்பத்துல காய்ச்சல் மாத்திரை போட்டா இப்படி ஆகுமுங்களா?" என்று கேட்டேன். "ஆகாதுங்க ஐயா. கரு தரிக்கிற அன்னைக்கே முடிஞ்சுபோன விஷயம். அஞ்சாம் மாசத்துல யாரு என்ன சாப்பிட்டாலும் இது மாறாதுங்க" என்றாள். அதைக் கேட்டு வந்தும் பதினோரு நாள் ஓட்டிவிட்டேன். இந்தத் தெருவில் இன்னும் என்னை டீ மேக்கர் ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பட்டத்தை விட மனசு வரவில்லை. அதற்காகத்தான் பதினோரு நாள் உன்னை அழவிட்டேன். இதைவிடக் கேவலமாக ஒன்றை நான் எழுதப் போவதில்லை.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் இரண்டு சொல்கிறேன். சொட்டு மருந்தில் குணமாக்குகிறேன், கண்ணாடியில் சரியாக்குகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதே. கவினிடம் இது நோய் இல்லை என்று சொல். அவன் செய்யக்கூடாத வேலை சில உண்டு, செய்யக்கூடியது ஏராளம் உண்டு, எதில் சேர்ந்தாலும் முதல் நாளே, எனக்கு இந்த இரண்டு நிறம் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சேரட்டும். சொல்லாமல் சேர்ந்தவன் என்ன ஆவான் என்பதற்கு அவன் தாத்தனைக் காட்டு.

இந்தக் கடிதத்தை உன் மாமியார், மாப்பிள்ளை, கவின் மூவரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படி. மாரியப்பன் விஷயத்தையும் விடாதே. சனிக்கிழமை காலை பஸ்ஸில் நான் வருகிறேன். அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். கவின் என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றால் வெளியில் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். நீ எனக்காக யாரிடமும் பரிந்து பேசாதே. அந்த ஐந்தாம் மாதம் உனக்கு மூன்று நாள் காய்ச்சல் கொதித்தது, ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை, பிள்ளை தங்குமா என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் பயந்தோம். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டாய், காய்ச்சல் இறங்கியது, பிள்ளை தங்கினான். நீ அவனுக்குச் செய்தது அதுதான் அம்மிணி. மற்றதெல்லாம் நான் செய்தது.

அப்பா